கோயில் திடலில் இறக்கை பூட்டிய காலை

சுடர்விழி பெட்டியைத் திறந்தபோது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் கோயில் திடலில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். சீர்காழிக்குக் கிழக்கே நாலு நாள் விடாமல் அடித்த மழையில் அந்த ஊரில் மேடாக மிஞ்சியது அந்தத் திடல்தான். சுற்றிலும் நட்டு இருபது நாளான சம்பாப் பயிர் தண்ணீருக்கடியில் கிடந்தது. எந்த வயல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று நிவாரணக் கணக்குக்காக ஒரு ட்ரோன் விமானத்தைப் பறக்கவிட்டு மேலிருந்து படமெடுத்துக் கொடுக்கத்தான் அவளும், உடன் வேலை பார்க்கும் நௌஷாத்தும் கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார்கள்.

"சீக்கிரம் ஆகட்டும்மா" என்றார் விவசாயிகள் சங்கத்துக் கோவிந்தராசு. "வடிகால் மதகைத் தூக்கிட்டாங்க. மதியத்துக்குள்ள தண்ணி எறங்கிரும். அப்புறம் முங்கிக் கெடந்துச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

"அரை மணி நேரம் குடுங்கய்யா" என்றாள் அவள்.

திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவள் சுடர்விழி. அப்பா செல்லதுரையும் அம்மா அம்சமும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்த்தான் அவளைப் பாலிடெக்னிக் படிக்க வைத்தார்கள். படித்து முடித்து ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் மூன்று வருடம் போல்ட் முடுக்கினாள். ஊரோடு வந்துவிடத் தோன்றிய சமயத்தில் கும்பகோணத்தில் ட்ரோன் சர்வே கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். வேலையைப் பற்றிச் சொன்னதும், "வயல்ல எறங்காமலே வயலப் பாக்குற வேலையாடி?" என்று அம்சம் வாய்விட்டுச் சிரித்தாள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரத்தநாடு பக்கம் அவள் பறக்கவிட்ட ட்ரோன் விமானம் ஒன்று வாழைத்தோப்பில் விழுந்து நொறுங்கியது. எல்லாரும் காற்றைத்தான் குறை சொன்னார்கள். அவள் மட்டும், அன்று அவசரத்தில் இறக்கைத் தகடுகளைத் தான் சரிபார்க்கவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலையிலிருந்து எடுக்கவுமில்லை. அதற்குப் பிறகு யார் அவசரப்படுத்தினாலும் அவள் கை அதன் வேகத்தில்தான் போகும்.

தார்ப்பாயை விரித்து உடல்பகுதியை வைத்தாள். கார்பன் குழாயைக் குறுக்கே செருகி, இரண்டு பக்கமும் இறக்கைகளைக் கோத்து, திருகுகளை முடுக்கினாள். இப்போது அது ஆறடி அகலத்துக்கு ஒரு வெள்ளைக் கொக்குபோல் படுத்திருந்தது. வால் பூட்டி, பேட்டரி வைத்து, இறக்கைகளுக்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மூக்கு லேசாகத் தாழ்ந்தது. பேட்டரியை ஒரு விரல்கடை பின்னுக்குத் தள்ளினாள். சமமாக நின்றது. கேமராவில் கார்டு இருக்கிறதா என்று நௌஷாத் பார்த்துக்கொண்டான்.

பிறகு கட்டுப்பாட்டுக் கருவியின் குச்சியை வலது பக்கம் சாய்த்தாள். வலது இறக்கையின் பின்விளிம்புத் தகடு மேலே எழ வேண்டும், இடதுபக்கத் தகடு கீழே இறங்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கீழே இறங்கின.

அவள் குனிந்து வலதுபக்கத் தகட்டைத் தொட்டுப் பார்த்தாள். அதை அசைக்கும் குட்டி மோட்டாரை முந்தின நாள் மாலை மாற்றியது அவளேதான்.

"நௌஷாத், வலது மோட்டார் தலைகீழா வேலை செய்யுது."

"என்னம்மா, இன்னும் என்ன?" என்று கோவிந்தராசு குரலை உயர்த்தினார். மேற்கே மேகம் வேறு திரண்டிருந்தது.

"இப்படியே விட்டா உங்க பயிருக்கு நடுவுலதான் விழும், அய்யா. நான்தான் நேத்து தப்பாப் போட்டுருக்கேன். பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க."

கூட்டத்தில் இருந்த தர்மாம்பாள் என்ற பெண், "தப்பைத் தானே ஒத்துக்குதுல்ல? சும்மா இருங்கண்ணே, பாத்துச் செய்யட்டும்" என்றாள். கோவிந்தராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

மடிக்கணினியில் அந்த மோட்டாரின் திசையை மாற்றியமைத்தார்கள். வலது, இடது, மேல், கீழ் என்று மூன்று முறை சாய்த்துப் பார்த்தாள். எல்லாம் சொன்னபடி கேட்டன. கடைசியாக விசிறியை முடுக்கி, ஆட்களைப் பின்னால் நிற்கச் சொன்னாள். நௌஷாத் காற்றுக்கு எதிராக நாலெட்டு ஓடி வீசினான். விமானம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு தென்னைமரங்களுக்கு மேலே ஏறியது. அது சீராக வளைந்து திரும்பியதைப் பார்த்த பிறகுதான் சுடர்விழிக்கு மூச்சு வந்தது.

நாற்பது நிமிடத்தில் வயல்களைக் கோடு கோடாக அளந்துவிட்டு, திடலின் புல்லில் வயிறு தேய இறங்கியது. மேகம் மேற்கிலேயே நின்றது.

"என் வயலும் அதுல இருக்காம்மா?" என்று தர்மாம்பாள் பக்கத்தில் வந்தாள். வாய்க்கால் தடம் முங்கிப்போனதால் மூன்று நாளாக அவளால் அந்தப் பக்கம் போக முடியவில்லை. வயலோரத்தில் தனியாக நிற்கும் போர்செட்டுக் கொட்டகையை அடையாளம் சொன்னாள். சுடர்விழி படங்களைத் தள்ளித் தள்ளித் தேடிப் பெரிதாக்கினாள். பழுப்புத் தண்ணீரின் ஓரத்தில், மேட்டுப்பக்கம் ஒரு மா நிலத்தின் அளவுக்குப் பச்சை தெரிந்தது.

"பயிரா அது? பாசி இல்லியே?"

"பயிருதாங்க. வரிசை தெரியுது பாருங்க. கீழ் வரப்புல அடைப்பு இருக்கு, அதான் தண்ணி வடியாம நிக்குது."

தர்மாம்பாள் திரையில் அந்த வரப்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோவிந்தராசுவைப் பார்த்து, "அண்ணே, மம்புட்டிய எடுத்துக்கிட்டு வாங்க, அடைப்ப வெட்டி விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டு, இப்போது முழங்காலளவுக்கு வடிந்திருந்த தண்ணீரில் இறங்கினாள்.