காற்றுப் படாமல் கொண்டு வந்த பூ

என் அண்ணன் பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர். முப்பது வருஷத்தில் அவருடைய புல்தரையில் ஒரு களை தலை தூக்கியதில்லை. அதிலும் டான்டிலியன் என்ற மஞ்சள் பூக் களையைக் கண்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும். பூத்த அன்றே வேரோடு பிடுங்கிவிடுவார், விதை கட்ட விட்டதே இல்லை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதில் எங்கள் குடும்பத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அண்ணி தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். நோய் வந்து படுத்த படுக்கையானதும், பள்ளியில் யாரோ விட்டுப்போன வாட்டர்கலர் டப்பாவை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்தார். எதை? ஜன்னலுக்கு வெளியே சுவர் வெடிப்பில் முளைத்திருந்த அதே களையை!

“இதுல அப்படி என்ன அண்ணி இருக்கு?”

“நல்லா பாரு. ஒரு பூன்னு நெனைக்கிறோம், உள்ள நூறு பூ இருக்கு. யாரும் தண்ணி ஊத்தல, ஆனாலும் என்ன ஒரு மஞ்சள்!”

மொட்டுக்கு ஒரு தாள், பூவுக்கு ஒரு தாள். மூன்றாவது தாளில், அது விதை கட்டி, ஊதினால் பறந்துவிடும் வெள்ளைப் பந்தாக நிற்பதை வரைய வேண்டும். வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லையாம், தாளை அப்படியே விட வேண்டுமாம். சுற்றிலும் நீலம் தீட்டி, நடுவே வட்டம் விட்டு வைத்திருந்தார். உள்ளே மெல்லிய கோடுகள்தான் பாக்கி. அதற்குப் பூ முற்றி விதை கட்ட வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சுவரோரம் போனார். கை சும்மா இருக்குமா? பழக்க தோஷம், பிடுங்கி எறிந்துவிட்டார். ஜன்னல் வழியே பார்த்த அண்ணி தூரிகையைக் கழுவி வைத்துவிட்டார். நான்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இனி சில நாள்தான் என்று டாக்டர் சொல்லியிருந்த நேரம் அது.

மறுநாள் காலையிலேயே அண்ணன் தேடப் புறப்பட்டார். சுற்றுவட்டாரத்தில் ஒன்றுகூட இல்லை, அவ்வளவு சுத்தமான வேலை அவருடையது. பஸ் ஏறிப் போய், ரயில் பாதையோரம் ஒன்றைக் கண்டுபிடித்துப் போன் செய்தார்.

“கெடச்சிடுச்சு! முழுசா இருக்கு. வந்துட்டே இருக்கேன்னு அவகிட்ட சொல்லு.”

சொன்னேன். அண்ணி சிரித்தார். தூரிகையைக் கையில் கொடுக்கச் சொன்னார். விரல் மடங்கவில்லை, நான் மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. “வந்துட்டாரா?” என்று இரண்டு தடவை கேட்டார். அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அண்ணி கேட்கவில்லை.

அண்ணன் உள்ளே வந்தபோது இரண்டு கையும் பூவைப் பொத்தியிருந்தன. ஒரு இழை உதிரவில்லை. கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை.

“இங்க பாரும்மா, எவ்ளோ அழகு! இத்தன வருஷத்துல இத நான் பாத்ததே இல்ல தெரியுமா?”

பிறகுதான் நிமிர்ந்தார்.

“ஏண்ணா இவ்ளோ நேரம்?” என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

“பஸ்ல ஜன்னலெல்லாம் தொறந்திருந்துச்சு,” என்றார். “காத்துல கொட்டிடுமேன்னு நடந்தே வந்தேன்.”