அண்ணி படிக்காத ஒரு புத்தகம்

அன்றைய பேச்சை அவள் இன்றும் ஒரு சொல் பிசகாமல் சொல்லுவாள்.

அப்பாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை ஆகி மூன்றாவது மாதம். ஆள் நடமாட்டம் தெரியும், எழுத்து தெரியாது. அலுவலகம் விட்டு வந்ததும் அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஒரு நாவலை வாசித்தாள். காற்புள்ளிக்குக் கொஞ்சம், முற்றுப்புள்ளிக்கு நிறைய என்று அளந்து நிறுத்தும் வாசிப்பு. அத்தியாயம் முடிந்தது.

"எப்படிப்பா இருந்தது?"

"நல்லா இருந்ததும்மா."

"அடுத்ததும் வாசிக்கட்டுமா?"

"உனக்குத் தொண்டை வலிக்கும். போதும்."

"வலிக்கலப்பா."

அப்பா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, "மணி என்ன ஆச்சு?" என்றார்.

"அஞ்சேகால்."

"உங்க அண்ணி வர நேரம். அந்தச் சாமியார் பொண்டாட்டி கதை என்ன ஆச்சுன்னு தெரியல."

"அது கதை இல்லப்பா. ஒரு மகானோட வாழ்க்கை வரலாறு."

"அதேதான். அவ சாப்பிட்டாளா இல்லையான்னு இன்னைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டுப் போனா."

அவள் புத்தகத்தை மூடினாள். இத்தனைக்கும் அவள் இரண்டு மொழிகளில் படித்தவள். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இரண்டிலும் கடிதம் எழுதுவதுதான் அவள் வேலை. படித்த நாவல்களைப் பற்றி எழுதி வைத்த நோட்டுகள் ஏழு இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறதென்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அண்ணனுக்கு அவள் 'அகராதி'. "அகராதி உள்ள இருக்கு, சத்தம் போடாதீங்க" என்பான்.

அண்ணியோ பத்தாவதோடு நின்றவள். அவளுக்குத் தெரிந்தது ஒரே மொழி. பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவை அறையில் ஒன்பது வருடமாக வேலை. வார்டுகளிலிருந்து தள்ளுவண்டியில் வரும் விரிப்புகளைக் கறை வாரியாகப் பிரித்து, துவைத்து, உலர்த்தி, எட்டாக மடித்து அனுப்ப வேண்டும். விரிப்புகளின் சுருட்டலுக்குள் என்னென்னவோ வரும். பல்செட், மூக்குக் கண்ணாடி, ஒற்றைக் காலுறை, புத்தகம். படுக்கை எண்ணையும் தேதியையும் ஒரு துணிப்பட்டையில் எழுதிக் கட்டி, அலமாரியில் முப்பது நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் எடுத்தவருக்குச் சொந்தம்.

அண்ணிக்கு முப்பது நாள் பொறுக்காது. உலர்த்தும் இயந்திரம் ஒரு சுற்றுக்கு நாற்பது நிமிடம் ஓடும். அந்த நாற்பது நிமிடத்தில் கையில் அகப்பட்டதைப் படிப்பாள்; முடியாததை வீட்டுக்கும் கொண்டுவருவாள், யாராவது கேட்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாமென்று. நோயாளிகள் விட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே வகைதான்: சாமி புத்தகம், இல்லாவிட்டால் கதைப் புத்தகம். "பயந்தவங்க சாமியைப் படிக்கிறாங்க, பயப்படாதவங்க கதையைப் படிக்கிறாங்க" என்பாள். "ரொம்ப பயந்தவங்க ரெண்டையும் வச்சிருப்பாங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ஒளிச்சு."

அன்று அண்ணி வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கீழே வைக்காமல் ஆரம்பித்தாள்.

"மாமா, அந்தம்மா பதினோராம் பக்கத்தோட சரி. இவரு ராத்திரியோட ராத்திரியா கிளம்பிப் போயிட்டாரு. அப்புறம் காடு, மலை, குகை, சீடர்கள். நானும் கடைசி வரைக்கும் புரட்டிப் பார்த்துட்டேன். அவ எழுந்திரிச்சாளா, அடுப்பு பத்த வச்சாளா, ஒரு வரி இல்ல."

"அடப்பாவமே," என்றார் அப்பா.

"அவரு முன்னூறு பக்கம் தவம் பண்ணினாரு. அவ எத்தனை பக்கம் பண்ணினாளோ."

அப்பா சிரித்தார். அம்மாவும் மாவுக் கையோடு வந்து நின்றுவிட்டாள். சமையலறை வாசலில் நின்ற அவளுக்கு வயிறு எரிந்தது. இது விமர்சனமா, அழுக்குத் துணி மூட்டையா? ஆனால் எரிச்சலுக்குக் காரணம் அதுவல்ல. அதே புத்தகத்தை அவளும் போன வாரம் வாசித்திருந்தாள். அந்த மனைவியைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை.

எந்தப் புத்தகமானாலும் இதே கதைதான். வேத நூல் ஒன்றின் உரையைப் பற்றி அண்ணி சொன்னாள்: "கடவுள் நாலு வரி பேசறாரு மாமா. உரை எழுதினவரு நாற்பது பக்கம் பேசறாரு. நம்ம வீட்டுல அத்தை ஒரு வார்த்தை சொன்னா நீங்க அரை மணி நேரம் விளக்குவீங்களே, அந்த மாதிரி." ஒரு துப்பறியும் நாவலைப் பாதியிலேயே மூடினாள். "கொலைகாரன் ரத்தச் சட்டையைக் கொதிக்கிற தண்ணில அலசினானாம், கறை போயிடுச்சாம். சுடுதண்ணி பட்டா ரத்தம் இன்னும் கெட்டியா பிடிச்சுக்கும். எங்க சூப்பர்வைசரைக் கூட்டிட்டுப் போயிருந்தா ரெண்டாம் பக்கத்துலயே பிடிச்சிருப்பாரு."

அவளும் ஒருமுறை முயன்று பார்த்தாள். அதே துப்பறியும் நாவலை எடுத்து, கதைசொல்லியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது பற்றி அப்பாவிடம் நயமாக எடுத்துச் சொன்னாள். அப்பா "ம்" என்றார். பிறகு இன்னொரு "ம்".

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, அகராதி," என்றான் அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.  

இப்படியிருக்கும்போதுதான் படகுப் புத்தகம் வந்தது. தடித்த புத்தகம். அட்டையில் ஆற்று நடுவே படகு, அதில் துடுப்போடு ஒரு பெண். "நாவல் மாமா," என்றாள் அண்ணி. "புருஷன் செத்தப்புறம் இவதான் படகு ஓட்டறா. தினமும் புதுசா ஒரே ஒரு ஆள் வரான், அக்கரைக்குக் கூட்டிட்டுப் போங்கறான். போனவங்க யாரும் திரும்பறதில்ல. ஏன்னு கேட்கணும்னு இவளுக்கு ஆசை, ஆனா கூலி வாங்கிட்டுக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு புருஷன் சொல்லி வச்சிருக்கான்."

அண்ணி கையிலிருந்த புத்தகத்தின் முதுகு அவள் பக்கம் திரும்பியது. அதிலிருந்த எழுத்து அந்த இன்னொரு மொழி. அண்ணிக்கு அதில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பூனை மாதிரிக் காத்திருந்தாள். அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் ஒன்பது நாளும் ஐந்தேகாலுக்கு அவள் காதும் வாசலில்தான் கிடந்தது. படகுக்காரி ஒருநாள் பாதி ஆற்றில் துடுப்பை நிறுத்தினாள். ஒருநாள் வந்தவன் தன் செருப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். இதெல்லாம் அண்ணிக்கு எங்கிருந்து வருகிறது என்று அவள் குமைந்தாள். ஏழு நோட்டு எழுதியவளுக்கு ஒரு செருப்பு தோன்றியதில்லை.

பத்தாம் நாள் ஞாயிறு. அண்ணிக்கு அன்று காலை வேலை. புத்தகம் ஜன்னல் மேடையில் இருந்தது. அவள் எடுத்துப் பிரித்தாள். நாவலே இல்லை. யாரோ ஒரு துறவி பொறுமையைப் பற்றிப் பேசிய முப்பத்திரண்டு உரைகள். அட்டைப் படகு அழகுக்கு. படுக்கை எண் எழுதிய துணிப்பட்டை நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அடையாளமாக இருந்தது. முதல் நாள் அது பத்தாம் பக்கத்தில் இருந்ததை அவள் பார்த்திருந்தாள். படிக்கத் தெரியாத புத்தகத்தில் அண்ணி தினமும் பட்டையை நகர்த்தி வைத்திருக்கிறாள்.

புதையல் கிடைத்தது போலிருந்தது அவளுக்கு. மாலையில் எல்லோரும் தேநீருக்கு உட்காரும்வரை பொறுத்திருந்தாள்.

"அப்பா, அந்தப் புத்தகம் நாவல் இல்லை," என்றாள். "பொறுமையைப் பத்தி முப்பத்திரண்டு உரை. அதுல ஆறும் இல்ல, படகுக்காரியும் இல்ல. அண்ணிக்கு அந்த மொழியே தெரியாது."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணன் செய்தித்தாளை இறக்கினான். அண்ணி தேநீரில் படிந்த பாலாடையை விரலால் ஒதுக்கினாள்.

"ஆமாம் மாமா," என்றாள். "இந்த மாசம் அலமாரில அது ஒண்ணுதான் இருந்தது. புத்தகம் வரலைன்னு உங்ககிட்ட சொல்ல மனசு வரல."

அப்பா அண்ணி பக்கம் திரும்பினார். "முப்பத்திரண்டு உரையா? நல்லவேளை, உனக்குப் படிக்கத் தெரியாததால தப்பிச்சேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, அந்தச் செருப்புக்காரன் திரும்பி வந்தானா?" என்றார்.

அண்ணி அவளை ஒருமுறை பார்த்தாள். கோபமில்லாத பார்வை. "தெரியல மாமா," என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு நான்கு நாள் ஐந்தேகால் மணி வந்தது, போனது. அண்ணி வந்தாள், முகம் கழுவினாள், காய் நறுக்கினாள். ஸ்டூல் 'அகராதி'க்கே கிடைத்தது. அப்பா மறுக்காமல் கேட்டார், "நல்லா இருந்ததும்மா" என்றார். வாசித்துக்கொண்டே நிமிர்ந்தபோதெல்லாம் அப்பாவின் முகம் வாசல் பக்கம் இருந்தது. ஜெயித்தவளுக்கு இப்படியா இருக்கும்? அண்ணி பேசியபோது எரிந்ததைவிட, பேசாதபோது அதிகமாக எரிந்தது.

ஐந்தாம் நாள் அவள் தன் அறையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி கதவருகே வந்து நின்றாள். கையில் படகுப் புத்தகம்.

"திட்ட வந்தீங்களா அண்ணி?"

"திட்ட என்ன இருக்கு? நீ சொன்னது நிஜம்தானே." அண்ணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து துணிப்பட்டையை விரலில் சுற்றினாள். "நான் தெருமுனைல இறங்கினா உன் குரல் கேட்கும். ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்னு கேட்பேன். நான் உள்ள வந்தா நீ மூடிடறே. அதனால சில நாள் வேணும்னே மெதுவா நடந்து வருவேன். ஒரு எழுத்து முழுங்காம வாசிக்கறே. எனக்கு அப்படி வராது. அதனாலதான் நான் கதையா சொல்லித் தொலைக்கிறேன்."

அவள் நோட்டை மூடினாள். அண்ணி புத்தகத்தை நோட்டின்மேல் வைத்தாள்.

"இன்னும் பதினஞ்சு நாள்ல இது எனக்குச் சொந்தம். பதினாலு நாளும் யாராவது வந்து கேட்டுடுவாங்களோன்னு பயந்துட்டே இருப்பேன். அதுக்குள்ள ஒரு உதவி பண்ணும்மா. ஞாயித்துக்கிழமை சலவை அறைக்கு வா. மெஷின் ஓடற நேரத்துல அந்தச் சாமியார் பொறுமையைப் பத்தி அப்படி என்னதான் சொல்றாருன்னு எனக்கு வாசிச்சுக் காட்டு. எனக்குப் புரியற மாதிரி நம்ம மொழில மாத்தி வாசி. ஆனா அவசரப்படாம, நிறுத்தி நிறுத்தி. மாமாவுக்கு வாசிப்பியே, அந்த மாதிரி."