இருளாண்டி அண்ணனின் இருபத்தாறு கத்திகள்

இந்த நேரத்தில் உங்கள் போன் சத்தம் போட்டு வீட்டில் யாரையாவது எழுப்பியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுத உட்கார்ந்தால் என் மகள் யாழினி மடியில் ஏறிவிடுகிறாள். என் பெயர் நித்யா. சிம்மக்கல்லில் இருளாண்டி அண்ணன் வேலை பார்த்த மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிறவள். அண்ணனிடம் கத்தி கொடுக்க வந்தபோது உங்களில் சிலர் என்னைப் பார்த்திருப்பீர்கள். அவர் மனைவி, எங்கள் மதினி, கொடுத்த எண்களுக்கெல்லாம் இதை அனுப்புகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் யாழினிக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தபோது மதினி போன் செய்தார். அண்ணன் காலையில் சோழவந்தானுக்குப் போய், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் ஒருவரின் கத்தியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அழுகைக்கு நடுவில் மதினி சொன்னார்: “வந்ததுல இருந்து அந்தக் கத்தியப் பத்தியேதாம்மா பேச்சு. எம்புட்டுச் சோறு வச்சேன், எம்புட்டுத் தின்னாகன்னு அவுகளுக்கே தெரியாது.” அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அந்தப் பேச்சை நான் அப்படியே கேட்கிற மாதிரி இருந்தது.

கடைக்கு வரும் பார்சல்களைப் பிரிப்பது அண்ணனின் வேலை. முதலாளி வாங்கி வைத்த கட்டர் மேஜையில் சும்மா கிடக்கும். அண்ணன் தினமும் ஒரு மடக்குக்கத்தியோடுதான் வருவார். “இன்னைக்கு யாருண்ணே வந்திருக்காக?” என்று கேட்பேன். “எழுமலை ஆட்டுக்காரரும்மா” என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார். மறுநாள் ஒரு வக்கீல் குமாஸ்தா வருவார். அதற்கு மறுநாள் ஒரு கல்யாணச் சமையல்காரர். அத்தனை பேரும் அந்தச் சட்டைப்பைக்குள் மடங்கித்தான் டவுன் பஸ் ஏறி வந்தார்கள்.

அவர் ஒரு கத்தியையும் விலைக்கு வாங்கியதில்லை. “காசு குடுத்தா அது என்னுது ஆயிரும். அவுகளுதாவே எங்கிட்டக் கெடக்கட்டும். கேக்குற அன்னைக்குத் தாரேன்” என்பார். மருந்து அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, யாருடையது, என்ன வேலை செய்தது என்று எழுதிக் கத்தியில் நூலால் கட்டிவிடுவார்.

ஒருமுறை நான் விளையாட்டாகக் கேட்டேன். “எல்லாம் கத்திதானே, ஒண்ணு போதாதாண்ணே?” அவர் பார்சலை அப்படியே போட்டுவிட்டு என் மேஜைக்கு வந்துவிட்டார். அன்று பில் போட்ட மாதிரிதான். ஆட்டுக்காரர் கத்தியின் முனை கொக்கியாக வளைந்திருப்பது குளம்பில் ஏறிய முள்ளை எடுக்க. அடியில் இருக்கும் வளையம் அரைஞாண் கயிற்றில் மாட்ட. இன்னொன்றில் ஒரு பக்கம் பாக்குச் சீவ அலகு, மறுபக்கம் சுண்ணாம்பு தடவ ஒரு சின்னத் தகடு. குமாஸ்தாவின் கத்தி விரல் நீளம்கூட இல்லை. கட்டு நூலை அறுக்கவும் தப்பாக எழுதிய மையைச் சுரண்டவும் அது போதும். கடைசியில் சொன்னார்: “கத்தியப் பாத்தா மொதல்ல வெலையக் கேக்காத. நீ எதை அறுக்க வந்தேன்னு கேளு. அதுவே சொல்லும்.”

போன வருடம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஓர் அண்ணன் தம்பி கடைக்கு வந்தார்கள். தனித்தனி பைக். தங்கள் அப்பாவின் மீன் வடிவக் கத்தி தனக்கே வேண்டும் என்று இருவரும் நின்றார்கள். இருளாண்டி அண்ணன் கத்தியை மேஜையில் வைத்தார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று நம் பக்கத்தில் யாரும் கத்தியைக் கையில் கொடுப்பதில்லையே.

“சும்மா கையிலயே குடுங்கண்ணே” என்றார் மூத்தவர். “நாலு வருசமாப் பேச்சே இல்ல. இனிமே என்ன புதுசாச் சண்ட வரப்போகுது?”

முதலில் சிரித்தது தம்பிதான். மூத்தவர் எங்கோ பார்த்துக்கொண்டு, “சிரிச்சா அய்யா மாதிரியேதான் இருக்கான், கழுத” என்றார். அன்று இருவருமே கத்தியை எடுக்கவில்லை. “ரெண்டு பேரும் ஒண்ணா வந்தாத்தான் தருவேன் மாப்ள” என்று சொல்லி, எதிர்க்கடை டீயையும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார் இருளாண்டி அண்ணன். இந்தத் திங்கட்கிழமை பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர்கள் ஒரே காரில் வருவதாக மதினியிடம் சொல்லியிருக்கிறார்களாம்.

தான் இல்லாத காலத்தில் எல்லாக் கத்தியும் அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அண்ணன் மதினியிடம் சொல்லி வைத்திருந்தது. “நீதாம்மா படிச்ச புள்ள, பாத்துப் பிரிச்சுக் குடுத்துரு” என்று மதினி பெட்டியை என்னிடம் கொடுத்தார். இருபத்தாறு கத்தி என்று இப்போது தெரியும்; அன்று எண்ணிப் பார்த்து வாங்கவில்லை. அங்கேதான் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் துருப்பிடித்த இரும்பு இருக்கிறதே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பால் பாட்டிலையே இரண்டு முறை கொதிக்க வைக்கிறவள் நான். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சீட்டுகளை அவிழ்த்து வரிசையாகத் தரையில் அடுக்கினேன். கத்திகளைச் சுடுதண்ணீரில் கழுவி, அதே வரிசையில் மேஜைமேல் துண்டு விரித்து வைத்தேன். எல்லாம் சரி. அழுக்குத் தண்ணீரைக் கொட்டப் போனபோது கதவைத் திறந்து போட்டுவிட்டேன். திரும்பி வந்தால் யாழினி சீட்டுகளையெல்லாம் அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு பொம்மைகளுக்குக் கிழித்துக் கொடுப்பதுபோல் ஒவ்வொன்றாக நீட்டுகிறாள். “டிக்கெட், டிக்கெட். அம்மா, நீ எங்க போற?”

அழுதேன். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு கத்தியாக எடுத்து, நீ எதை அறுக்க வந்தாய் என்று கேட்டேன். நிஜமாகவே வாய்விட்டுக் கேட்டேன். கொக்கி முனை எழுமலைக்குப் போனது. சுண்ணாம்புத் தகடு தன் சீட்டைத் தானே தேடிக்கொண்டது. விடிவதற்குள் இருபத்திரண்டு கத்திகள் வீடு சேர்ந்துவிட்டன. நாலு மீன் கத்திகள் மட்டும் மிச்சம். கையில் ஐந்து சீட்டு.

ஐந்தாவது கத்தி எங்கே? பிள்ளை எடுத்திருந்தால்? கட்டிலுக்கு அடியில், பொம்மைக் கூடையில், அரிசிப் பானையில், எங்கும் தேடினேன். தூங்குகிறவளின் கைகளை விரித்துப் பார்த்தேன். மெத்தையைத் தூக்கினேன். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, “நித்யா, மொதல்ல அந்தச் சீட்டப் படி” என்றார்.

படித்தேன். அண்ணனின் கோணல் எழுத்து. நூல் கோத்த ஓட்டையே அதில் இல்லை; பெட்டியில் சும்மா கிடந்து மற்றதோடு கலந்திருக்கிறது. “பில் நித்யா மகளுக்கு. எதையும் அறுக்காது. திருப்பிக் கேட்கக் கூடாது.”

யாழினி பிறந்தபோது, காத்து கருப்பு அண்டாமலிருக்கத் தலைமாட்டில் இரும்பு வைக்கச் சொல்லி அண்ணன் ஒரு மடக்குக்கத்தியை நீட்டினார். “பிள்ள பக்கத்துல கத்தியாண்ணே?” என்று சண்டையே போட்டேன். அடுத்த வாரம் அதே கத்தியை மறுபடி கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அலகைத் தேய்த்து மழுக்கி, மடக்கு ஆணியை அடித்து இறுக்கியிருந்தார். “இந்தா, என்ன பண்ணுனாலும் தெறக்காது. இரும்பு இருந்தாப் போதும், கூரு எதுக்கு?” அன்றிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றி மெத்தைக்கு அடியில்தான் இருக்கிறது. தேடும்போது இரண்டு முறை என் கையில் பட்டது. அதைக் கத்தி என்றே நான் நினைக்கவில்லை. அத்தனை கத்திகளில் அண்ணனுக்குச் சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான் என்று மதினி நேற்றுத்தான் சொன்னார். அது என்னிடமே இருக்கும்.

இனி அந்த நாலு மீன்கள். எல்லாம் சித்திரைத் திருவிழாக் கடையில் வாங்கிய பித்தளைப் பிடிகள். ஒரே அச்சு. எதை அறுக்க வந்தாய் என்று கேட்டால் நாலுமே வாயைத் திறக்கவில்லை. சீட்டுகளில் “மாங்காய்க்கு”, “பென்சிலுக்கு”, “கயிற்றுக்கு”, “சும்மா காட்டுவதற்கு” என்று இருக்கின்றன. உசிலம்பட்டி சகோதரர்களுடையது கயிற்றுக்கு. ஆனால் அது எந்த மீன்? ஒன்றுக்கு வால் வளைந்திருக்கிறது. ஒன்றின் வயிற்றில் ஏதோ எழுத்துக் கீறியிருக்கிறது. ஒன்றின் கண் ஓட்டையில் சிவப்பு நூல். ஒன்று புதுசு மாதிரியே இருக்கிறது. ஒரே காரில் வருகிறவர்களுக்கு நான் வேறு யாருடைய அப்பாவையாவது எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது.

உங்கள் மீன் எது என்று தெரிந்தவர்கள் திங்கட்கிழமைக்குள் பதில் போடுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை.