செல்வமணி போட மறுத்த பூஜ்யம்

கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் மிஷின் தப்பே செய்யாது என்பதால், எல்லாத் தப்பும் நம் தலையில்தான் விடியும். தொண்டை வறளப் பாடம் நடத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், காரைக்கால் தருமபுரத்தில், ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு நான் 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழி நடத்தினேன்.

காணாமல் போன கூடை

செல்வமணி காரைக்கால்மேட்டுக்காரர், வயது முப்பத்தைந்து. விசைப்படகில் கயிறு சிக்கிக் கால் போய்விட்டது; இனிக் கடலுக்குப் போக முடியாது. அந்த ஊர் ஐஸ் பேக்டரி முதலாளி மரைக்காயர், மீன் கூடை எண்ணக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். புரோகிராம் எழுதிக் காட்டினால் வேலை என்று சொல்லியிருந்தார். செல்வமணியின் மனைவியும் மூன்று பிள்ளைகளும் அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் இருந்தார்கள்.

'இன்ட்' என்றால் முழு எண் மட்டுமே தங்கும், பின்னம் வேண்டுமென்றால் 'ஃப்ளோட்' என்று நாலு முறை சொல்லியிருந்தேன். அவர் ஐந்து கூடையை 'இன்ட்'டில் போட்டு, இரண்டு படகுக்கு வகுத்தார். படகுக்கு இரண்டு என்றது திரை. செல்வமணி மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "மிச்ச ஒரு கூடைய எங்க சார் கொட்டுச்சு இந்த மிஷின்?"

முசேயின் பெயர்

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரும் பொழுதுபோகாமல் படிக்க வந்தார். 'ஐயா' என்பதற்குப் பிரெஞ்சில் 'முசே' என்பார்; நாங்களும் அவரை அப்படியே அழைத்தோம். பெயருக்குப் பத்து எழுத்து இடம் விட்டிருந்தேன். அவர் மரி ஜோசப் அந்துவான் சவரிராயலு என்று நிதானமாக அடித்தார். பெயர் வழிந்து, பக்கத்தில் இருந்த வயதின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. அவருக்கு வயது பல ஆயிரம் என்றது திரை.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பிரான்ஸ் சர்க்காரே என் பேர முழுசா எழுதுதுங்க. உங்க மிஷினுக்கு மட்டும் என்ன வலிக்குது முசே?"

பதிமூன்றாவது கூடை

மரைக்காயரே சோதிக்க வந்து உட்கார்ந்தார். ஒரு கூடைக்கு விசையை ஒருமுறை தட்ட வேண்டும். செல்வமணி பன்னிரண்டு முறை தட்டினார், திரையில் பதிமூன்று. எண்ணிக்கையைப் பூஜ்யத்தில் தொடங்காமல் ஒன்றில் தொடங்கியிருந்தார். மீன் கரையில் முதல் கூடையை ஒன்று என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் மங்கலமாக எண்ணுவார்கள்.

பூஜ்யத்தைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் கை அந்த எழுத்துப் பக்கம் போகவே இல்லை. "லாபம்னு சொல்ற எடத்துல ஒண்ணுமில்லன்னு என் கையால எப்படி சார் போடுவேன்?" என்றார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு வீட்டுச் சோறு போகிறதே என்று நானே எட்டிப் பூஜ்யத்தைத் தட்டினேன். மறுபடி ஓட்டியதும் சரியாகப் பன்னிரண்டு வந்தது.

மரைக்காயர் என் பக்கம் திரும்பினார்: "நானும் போட்டிருக்க மாட்டேன். நாளைலேர்ந்து அவரு வேலைக்கு வரட்டும். அந்தப் பூஜ்யத்த மட்டும் நீங்க வந்து போட்டுட்டுப் போங்க சார்."

அதன்பிறகு செல்வமணி புதுப் புரோகிராம் எழுதும்போதெல்லாம், வேகாத வெயிலில் காரைக்கால்மேட்டுக்குச் சைக்கிள் மிதித்துப் போய் ஒரே ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு வந்ததுதான் சி மொழியில் நான் செய்த ஆகப் பெரிய காரியம்.