தெளிவாக இருந்த எச்சில்

அந்தக் குப்பியில் இருந்தது எச்சிலைப் போலவே இல்லை. நீல மூடி போட்ட, கட்டைவிரல் உயரப் பிளாஸ்டிக் குப்பி. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது அதற்கு அப்பால் தொங்கிய காலண்டரின் தேதிகூடத் தெரிந்தது. எச்சில் என்றால் கொஞ்சமாவது கலங்கலாக, நுரையோடு, பிசுபிசுப்பாக இருக்கும். எனக்கு அது தெரியும், அதுதான் என் வேலை. தெரிந்துகொண்டேதான் பெயர் எழுதிய தாளை அதன்மேல் ஒட்டினேன்.

சுனாமி வந்துபோன இரண்டாம் வருஷம் அது. காரைக்காலில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் உதவியாளராக இருந்தேன். வாய்ப்புண் ஆறாமல் வருகிறவர்களின் எச்சிலை வாங்கிச் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அதில் உதிர்ந்து கிடக்கும் செல்களில் புற்றுநோயின் தடயம் இருக்கிறதா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். "உடம்புல நடக்குறது பாதி எச்சில்லயே தெரிஞ்சிடும்" என்பார் டாக்டரம்மா. எனக்கோ எச்சில் என்றால் எச்சில்தான். வீட்டில் வளர்த்த விதம் அப்படி. இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு, ஆள் துப்பும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வேன்.

மீன்கார அக்கா கிளிஞ்சல்மேட்டிலிருந்து எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வருகிறவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பழக்கம். வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் அம்மா செம்பைக் கொடுப்பார். அக்கா அண்ணாந்து, உதடு படாமல், ஒரு சொட்டும் சிந்தாமல் குடிப்பார். குடித்ததும் செம்பைத் தானே கழுவிக் கவிழ்த்தும் வைப்பார். நல்ல பழக்கம் என்று அம்மா மெச்சுவார். அந்தப் பழக்கம் அவருக்கு ஏன் வந்தது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

சுனாமியில் புருஷன் போனபின் அக்கா புகையிலை அடக்குவது அதிகமானது. நாக்குக்கு அடியில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. நான்தான் வற்புறுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். துளி சதை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார் அவர். அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வெட்டுறதெல்லாம் வேணாங்கம்மா. ஒரே பொண்ணு, தை மாசம் கல்யாணம் வச்சிருக்கேன். அது முடியட்டுங்க." சரி, எச்சிலாவது கொடுத்துவிட்டுப் போங்கள் என்று டாக்டரம்மா இறங்கி வந்தார்.

கொப்பளிக்கக் கூடாது, ஊறுவதை அப்படியே துப்ப வேண்டும் என்று சொல்லிக் குப்பியை நீட்டிவிட்டு, வழக்கம்போலத் திரும்பிக்கொண்டேன். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கை கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. குப்பியைப் பார்த்தபிறகும் வாயைத் திறக்கவில்லை. மறுபடி துப்பச் சொன்னால் மறுபடி பக்கத்தில் நிற்க வேண்டுமே.

பத்து நாளில் முடிவு வந்தது. சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. இருந்தாலும் அடுத்த மாதம் வரச் சொல், வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. மறுநாள் வாசலில் அக்காவிடம் முதல் பாதியைச் சத்தமாகவும் இரண்டாம் பாதியை மெதுவாகவும் சொன்னேன். அவர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். சந்தோஷத்தில் ஒரு கை நெத்திலியை எங்கள் சட்டியில் கூடுதலாக அள்ளிப் போட்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனி மாதம் கூடை வருவது நின்றது. தேடிக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். தாடை வீங்கி, பாயில் சுருண்டு கிடந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக் கைவிட்டிருந்தார்கள். அன்றைக்குக் குப்பியில் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்ட பாப்பா. ஒன் கையில போயி எச்சியக் குடுக்குறதான்னு எனக்குக் கூச்சமாப் போச்சு. ரெண்டு தரம் நல்லாக் கொப்புளிச்சிட்டு, நல்ல தண்ணிய வாயில வச்சுத்தான் துப்புனேன்." வார்த்தை குழறியது. குறையாக அதைச் சொல்லவில்லை. எனக்குச் செய்த மரியாதையாகச் சொன்னார்.

எச்சிலை அவரால் விழுங்க முடியவில்லை. பேசும்போதே கடைவாயில் வழிந்தது. துடைக்கப் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேணாம் பாப்பா, ஒனக்கு ஆவாது." அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். ஆடி பிறக்கும் முன்னே போய்விட்டார்.

இப்போது வேறு ஊரில், பெரிய ஆய்வுக்கூடத்தில் இதே வேலை. ஆட்கள் துப்பும்போது நான் திரும்பிக்கொள்வதில்லை. ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். கலங்கலாக இருந்தால் மனம் கொஞ்சம் ஆறுகிறது. தெளிவாக இருந்தால், "தப்பா நெனைக்காதீங்க, இன்னொரு தரம் துப்புங்க" என்கிறேன். அதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆவதில்லை.