அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை

அபிதகுஜாம்பாள் என்ற பெயரைப் பம்மலில் யாரும் முழுதாகச் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அவர் குஜா டீச்சர். தோல் கம்பெனிகளுக்கு நடுவில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியை. வீடு குரோம்பேட்டையில். கணவர் சாம்பசிவன் 1989இல் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சில் நாலைந்து சொல் மிஞ்சியது. மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்திருந்த என்னை அவரைப் பார்த்துக்கொள்ள அமர்த்தினார்கள். காலையில் டீச்சர் பஸ் ஏறப் போகும்போது நான் வருவேன். மாலையில் அவர் திரும்பியதும் நான் போவேன். டீச்சரை எனக்குத் தெரிந்தது இப்படித்தான்.

குள்ளமான உருவம், பெரிய குரல். சர்க்கரை நோய் உண்டு, மாத்திரையை மறப்பார். மறந்த நாட்களில் நான் திட்டுவேன். “உங்ககிட்ட பேஷன்ட் ஒருத்தர்தான் சிஸ்டர், ரெண்டு இல்லை” என்பார். அந்த வேகத்தில் மாத்திரையும் உள்ளே போய்விடும்.

1992இல் கல்வித் துறை ஒரு குழு போட்டது. மாநிலத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளும் ஆண்டுக்கு ஆண்டு முன்னேற ஒரே மாதிரியான திட்டம் வேண்டுமாம். ஒவ்வொரு பள்ளியும் தன் நிலை என்னவென்று தானே பார்க்க வேண்டும், எதைத் திருத்துவது என்று முடிவு செய்ய வேண்டும், ஆண்டுக் கடைசியில் வெளியாட்கள் வந்து தரம் போட வேண்டும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தொடர் மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர். குழுவில் பேராசிரியர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தினமும் கையில் சாக்பீஸ் பிடிப்பவர் டீச்சர் ஒருவர்தான். மாதம் ஒருமுறை மின்சார ரயில் ஏறிக் கூட்டத்துக்குப் போய்வருவார்.

அந்தத் திட்டத்தில் ஒரே ஒரு வரி சேர வேண்டும் என்பது அவர் ஆசை. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் படிக்க வராத பிள்ளைகளை அன்று வீட்டில் இருக்கச் சொல்வது பல பள்ளிகளில் உள்ள பழக்கம். நான் படித்த காலத்தில், எனக்குக் கணக்கு வராது என்று என்னையே ஒருமுறை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன். டீச்சருக்கு அது பொறுக்காது. “அன்று வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய், அதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பள்ளிக்குத் தரம் போட வேண்டும்.” இதுதான் அந்த வரி.

“அம்மா, தமிழ்நாடு பூரா வீடு வீடா ஏறி இறங்கறதா?” என்று இயக்குநர் பதவியில் இருந்த ஒருவர் சிரித்தாராம். டீச்சர் விடவில்லை. கடைசியில், அவர் பள்ளியிலேயே சோதித்துப் பார்ப்போம், நடந்தால் எழுதுவோம் என்று ஒத்துக்கொண்டார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து சாம்பசிவன் சாரின் காதருகே குனிந்து, “பாதி ஜெயிச்சாச்சு” என்றார். சார் இடது கையால் அவர் கன்னத்தைத் தட்டினார்.

அடுத்த பிப்ரவரியில் வெளியாட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வந்திருந்த பிள்ளைகள் நன்றாக வாசித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் நாலு பேர் வரவில்லை. திட்டப்படி அந்த வீடுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். வழிகாட்டியாகப் போனவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சுவிசேஷமுத்து. பள்ளியில் அவரைப் போலப் பாடம் நடத்த ஆள் இல்லை என்று டீச்சர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாலு வீட்டு வாசலிலும் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியார் நுழைவதில்லை. வந்தவர்கள் தெருவிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். பள்ளிக்கு முதல் தரம் கிடைத்தது.

டீச்சருக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம். ஒரே வகுப்பில் நாலு பேருக்கு என்றால் மற்றவர்களுக்கும் பரவுமே.

“சிஸ்டர், உங்களுக்கு அம்மை போட்டாச்சோ?”

“சின்ன வயசுலயே.”

“அப்போ ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்கோ. கண்ணுல வந்திருந்தா ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போயிடணும்.”

முதலில் போனது கங்கம்மா வீட்டுக்கு. மகள் எல்லம்மாவுக்குப் பதினோரு வயது. முத்து முத்தாக எழுதுவாள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் வாசிக்கத் தெரியாது. கரும்பலகையைப் பார்த்துப் படம் வரைவதுபோல எழுதிப் பழகியவள். வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. கங்கம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மை வீட்டில் மீனா என்று எனக்கு அப்போதே உறைத்தது.

“பொண்ணு எங்கம்மா?”

“கம்பெனிக்குப் போயிகீது. தோலு காயப்போட.”

“அம்மையோடவா?”

“இன்னா அம்மை? எங்க வந்துச்சு?” என்று கையை உதறினாள். “பெரிய ஆபீசருங்க வர்றாங்கோ, உம் பொண்ண மூணு நாள் வூட்லயே வெச்சுக்கோ, வாசல்ல வேப்பில கட்டுன்னு சாருதான் சொன்னாரு. வூட்ல குந்திகினு இன்னா பண்ணும்? அதான் அண்ணங்கூட கம்பெனிக்கு அனுப்ச்சேன். கூலி குட்த்தான். இப்ப அதுக்கு இஸ்கூலு பேச்சே இல்ல.”

மற்ற மூன்று வீட்டிலும் இதே கதைதான். அந்த மூன்று பிள்ளைகளும் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து உள்ளதைச் சொன்னேன்.  டீச்சர் உடனே சுவிசேஷமுத்துவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். முகத்திலேயே தெரிந்தது.

“நாலு பேரும் சறுக்கினா ஸ்கூல் சறுக்கும் டீச்சர். ஸ்கூல் சறுக்கினா உங்க வரி போயிடும். அதுக்காகத்தான் செஞ்சேன்.”

“எனக்காகவா?”

“உங்களுக்காகத்தான். வேற யாருக்காக?”

“நீங்க பைபிள் படிக்கிறவர். அவாளோட மாரியாத்தாவ எதுக்கு இழுத்தேள்?”

“வேற எதைக் கட்டினாலும் அவங்க உள்ள வந்திருப்பாங்களே டீச்சர்” என்றார். சொல்லிவிட்டு அழுதார். நல்ல மனிதர். அதனால்தான் விஷயம் இன்னும் கஷ்டமாயிற்று.

மூன்று பிள்ளைகள் மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எல்லம்மா வரவில்லை. டீச்சர் போய்க் கூப்பிடுவதற்குள் அவள் தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியருகே வழுக்கி விழுந்து, வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. கட்டுப் போட நான்தான் போனேன். டீச்சரும் கூட வந்தார். சுண்ணாம்பு வெந்தால் சாதாரணத் தீப்புண்ணைவிட ஆழமாக இறங்கும். வெளியே வெறும் வெள்ளையாகத் தெரியும். குழந்தை சத்தமே போடவில்லை.

கை ஆறின பிறகு பள்ளிக்கு அனுப்பு என்று டீச்சர் சொன்னதும் கங்கம்மா எழுந்துவிட்டாள்.

“வாணாம் டீச்சரம்மா. வராத ஆத்தாவ வந்துகீதுன்னு பொய் சொல்லி இல கட்னோம். அவகூட வெளாட முடியுமா? பாரு, கையில காட்டிட்டா. இன்னமேட்டு உங்க இஸ்கூல் வாசல மெதிச்சா உசுரையே எட்த்துகினு பூடுவா.”

“ஆத்தா இல்லம்மா, சுண்ணாம்பு.”

“அத்த தள்னது யாரு?”

  மருந்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். 

அடுத்த கூட்டம் மார்ச்சில். வாய் திறக்காமல் இருந்தால் அந்த வரி திட்டத்தில் ஏறிவிடும். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். காலையில் புடவை மாற்றிக்கொண்டு சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனார். சார், “வேண்டாம்” என்றார். அவருக்கு மிஞ்சியிருந்த சொற்களில் அது ஒன்று. கஞ்சி கொடுத்தாலும் அதைத்தான் சொல்லுவார். டீச்சர் அதற்குப் பதில் சொன்னார்.

“பொய் மேல அந்த வரிய நிறுத்தினா, நாளைக்கு ஊர் பூரா வேப்பிலை கட்டுவாளே. வேற என்ன பண்றது சொல்லுங்கோ.”

கூட்டத்தில் அவர் பள்ளியைத்தான் முதலில் பாராட்டினார்களாம். டீச்சர் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். வேப்பிலை, தோல் கம்பெனி, கை. சொல்லி முடித்ததும், முன்பு சிரித்த அந்த இயக்குநர் கோபப்படவில்லை. தணிந்த குரலில், “அம்மா, இதை எழுதின உங்க ஸ்கூல்லயே நடத்த முடியலைன்னா, மத்தவங்க எப்படி நடத்துவாங்க?” என்று கேட்டார்.  பத்து நிமிடத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

பொய் சொன்ன ஆசிரியர் யார் என்று கேட்டபோது, பள்ளிக்குப் பொறுப்பு நான்தான் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். விடவில்லை. சுவிசேஷமுத்துவுக்கு மெமோ வந்தது, பிறகு செய்யூர் பக்கம் மாற்றல் வந்தது. போகும்போது டீச்சரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பள்ளியில் மற்ற ஆசிரியர்களும் அவரிடம் தேவைக்கு மேல் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். டீச்சருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. நான் அளந்து எழுதிவைத்ததை அவர் பார்க்கவே மாட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் கங்கம்மா தெருவுக்குப் போவார். ஆரம்பத்தில் எல்லம்மா அவரைக் கண்டால் உள்ளே ஓடிவிடுவாள். போகப் போக ஓடுவதை விட்டாள்; டீச்சர் பேசுவதைக் கேட்டபடி வேலையைச் செய்துகொண்டிருப்பாள். கம்பெனியிலிருந்து வந்த பிள்ளையின் உடம்பில் வீசும் நாற்றம் எனக்குத் தெரியும். எந்தச் சோப்புக்கும் போகாது. 1996இல் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை செய்த ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். வயது பதினாலு. டீச்சர் போலீஸ் வரைக்கும் போய்ப் பார்த்தார்; பெண்ணுக்குப் பதினெட்டு என்று வீட்டார் எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிறகு கல்யாணத்துக்கும் போனார். மருதாணி அந்தத் தழும்பு மேல் மட்டும் பிடிக்கவில்லை என்று வந்து என்னிடம் சொன்னார். 

அதற்குள் திட்டம் மாநிலம் முழுவதும் வந்துவிட்டது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. பல பள்ளிகளுக்குக் குடிதண்ணீரும் நூலகமும் கிடைத்தன. தரம் போடும் இடத்தில் மட்டும் “அன்று வருகை தந்துள்ள மாணவர்கள்” என்று இருந்தது. தரம் போடுகிற நாளில் டீச்சர் காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்றைத் தவிர எல்லோரையும் வரவழைத்திருந்தார். வந்த அதிகாரி இளைஞர். வகுப்பில் தலைகளைப் பார்த்துத் திகைத்து, “இன்னைக்கு ஏம்மா இத்தனை பேரை வரவழைச்சீங்க?” என்று கேட்டாராம். அக்கறையோடு கேட்டார், அதுதான் வேடிக்கை. அந்த வட்டாரத்திலேயே டீச்சர் பள்ளிக்குக் கடைசி இடம். அடுத்த ஆண்டும் அப்படியே. 1997இல் கடைசி இடத்தோடுதான் ஓய்வு பெற்றார்.

மறு ஆண்டு சாம்பசிவன் சார் இன்னும் படுக்கையில்தான் இருந்தார்; நானும் வந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு மாலை, பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருந்த நாகலக்ஷ்மி என்ற ஆசிரியை மைசூர்பாக் பெட்டியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், நம்ம ஸ்கூல் இந்த வருஷம் ஃபர்ஸ்ட்! புது ஹெச்.எம். வந்து எல்லாத்தையும் மாத்திட்டார். உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு ஓடி வந்தேன்.”

டீச்சர் பெட்டியை வாங்கிக்கொண்டார். அவளை உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து கேட்டார்.

“நல்லதும்மா. அன்னிக்கு எத்தனை பேர் வரலை?”

நாகலக்ஷ்மிக்குக் கேள்வி புரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

“அதெல்லாம் அதுல கேக்கறதே இல்லையே, டீச்சர்.”