மூஞ்சி மாற்றிய வண்டி

தெருவில் அவளுக்கு வண்டி இன்ஸ்பெக்டர் என்று பெயர். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு, போகிற வருகிற பிக்கப் வண்டிகளையெல்லாம் இது முதல் தலைமுறை, இது இரண்டாவது என்று சொல்லிக்கொண்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள்கூடக் கொஞ்சம் வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் போவார்கள்.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. புருஷன் முட்டைத் தட்டுகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய் வருகிறவர். கல்யாணமான புதிதில் அவர் வரத் தாமதமானால், முனை திரும்பும் ஒவ்வொரு வெள்ளை பிக்கப்பும் அவர்தான் என்று அவளை எழுந்து நிற்க வைக்கும். அந்தப் பக்கத்தில் எல்லாரும் வாங்குவது ஒரே கம்பெனியின் ஒரே மாடல், அதுவும் வெள்ளையில்; சில வருடங்களுக்கு ஒருமுறை கம்பெனி அதைப் புதிதாக வடிவமைத்தால் அடுத்த தலைமுறை என்பார்கள். கிட்டே வந்தபிறகு ஏமாறுவதைவிடத் தூரத்திலேயே தெரிந்துகொண்டால் தேவலை என்று பார்க்கப் பழகினாள். உருண்டை விளக்கும் கட்டை மூக்குமாக வந்தால் முதல் தலைமுறை. விளக்கு சதுரமாகி, கதவு ஜன்னலின் கீழ்விளிம்பு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக ஓடினால் இரண்டாவது; அவருடையது அந்த ரகம். மூன்றாவதில் டிரைவர் உட்காரும் கேபினையே புதிதாகச் செய்திருந்தார்கள். அந்த விளிம்பு பக்கக் கண்ணாடிக்கு அருகே சட்டென்று கீழே இறங்கும். இடையில் ஒரு வருடம் கம்பெனிக்காரன் பம்பரையும் கிரில்லையும் மட்டும் மாற்றி விற்றபோது, புதுத் தலைமுறை வந்துவிட்டதாகத் தெருவே பேசியது. மூஞ்சி கழுவினால் பிறந்த தேதி மாறிவிடுமா என்று அவள் கேட்டாள்.

அன்றைக்கு மதியமே வந்திருக்க வேண்டியவர், பொழுது சாய்ந்தும் வரவில்லை. போனும் அணைந்து கிடந்தது. வேலை முடிந்து வந்த நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே தன் போனை நீட்டினாள். மலைப்பாதை வளைவில் ஒரு வெள்ளை பிக்கப் பள்ளத்தில் சரிந்து கிடக்கும் படம். நம்பர் பிளேட் சேற்றுக்குள் இருந்தது, பின்பக்கம் புதருக்குள். மூக்கு மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"பயந்துடாதீங்க அண்ணி. புது மூஞ்சி. நம்மளது பழசுதானே" என்று சொல்லிவிட்டு நாத்தனார் கை கழுவப் போனாள்.

அவர் வண்டிக்கும் இப்போது புது மூஞ்சிதான் என்பது நாத்தனாருக்குத் தெரியாது. போன வாரம், நாத்தனார் வெளியூர் போயிருந்த சமயத்தில், அவர் பட்டறைக்குப் போய் மூன்றாம் தலைமுறையின் விளக்கு, கிரில், பானெட் எல்லாவற்றையும் தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். நாத்தனார் ஊரிலிருந்து திரும்பியதே இன்று காலை அவர் கிளம்பிய பிறகுதான். பழைய வண்டி என்றால் பெரிய கடைக்காரர்கள் லோடு தரத் தயங்குகிறார்களாம். இந்த வயதில் இந்த மினுக்கு எதற்கு என்று சண்டை பிடித்த அவள், அதற்குப் பிறகு அவரிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. காலையில் போய்வருகிறேன் என்றவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆக, மூஞ்சியை நம்ப முடியாது. கதவைப் பார்க்க வேண்டும். படத்தில் கதவை மறைத்துக்கொண்டு எவனோ ஒருவன் முதுகைக் காட்டி நின்றிருந்தான். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்காக அவன் நகரவா போகிறான்? படத்தை அனுப்பியவரிடம் வேறு படம் கேட்கும்படி, கை கழுவிவிட்டு வந்த நாத்தனாரிடம் சொன்னாள். எதற்கு என்று கேட்க வாயெடுத்த நாத்தனார், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே கேட்டு அனுப்பினாள். அதற்குள் முனையில் புது மூஞ்சியோடு ஒரு வண்டி திரும்பியது. அவள் எழுந்தேவிட்டாள். அதன் கதவு தெரிந்ததும் உட்கார்ந்தாள்.

இரண்டாவது படம் வந்தது. பக்கக் கண்ணாடிக்கு அருகே விளிம்பு கீழே இறங்கியிருந்தது. அசல் மூன்றாம் தலைமுறை. அவர் வண்டி இல்லை. அவள் வாய்விட்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். எந்த வீட்டில் எவள் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று தோன்றியதும், அந்தச் சந்தோஷம் அவளுக்கே பிடிக்காமல் போயிற்று.

இருட்டும் நேரத்தில் அவர் வந்து சேர்ந்தார். பாதை அடைபட்டதில், போனில் சார்ஜும் இல்லாமல், வரிசையில் மாட்டிக்கொண்டாராம். அவள் வாசலுக்கு ஓடிக் கதவின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். நேராகத்தான் ஓடியது.

"பழைய மூஞ்சியை நாளைக்கே மாட்டிடுங்க. முனை திரும்பும்போதே நீங்கதான்னு எனக்குத் தெரியணும்."

அவர் தரையைப் பார்த்தார். "அதை அன்னிக்கே எடைக்குப் போட்டுட்டேனே."

"அப்ப இனிமே கதவு கண்ணுல படற வரைக்கும் நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும், அப்படித்தானே?" என்று கேட்டாள்.